இரண்டாம் குடுவைக்கு ஒரு சிட்டிகை

1

இப்போதெல்லாம் யாரும் தப்பு செய்வதில்லை. "தப்பு நடந்துடுச்சு" என்கிறார்கள். அது தானாக நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டதுபோல. குடுவை உடைந்தால் "உடைஞ்சிடுச்சு". உடைத்தவனே பக்கத்தில் நின்று சொல்கிறான், கையில் ஒரு துடைப்பம்கூட இல்லாமல்.

அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். படிப்பு ஐந்தாவது வரை. ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ஆனால் கதையில் வருகிறவர் நான் இல்லை. அவர் வேறு ஒரு கழுவுகிறவர். என்னைவிடக் கொஞ்சம் உயரம்.

2

முதல் வரி இப்படி இருந்தது: "காலை வெயிலில் கிருமிகள் கனவு கண்டுகொண்டிரு

(அடித்துவிட்டேன். கிருமி கனவு கண்டதை எவன் பார்த்தான்?)

இரண்டாவது: "கழுவுகிறவருக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது." இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

குடுவைகளை வேகவைக்கும் நீராவி மெஷின் 'முடிந்தது' என்று விளக்கைப் போட்டாலும் அவர் நம்பமாட்டார். கதவைத் திறந்து, குடுவைமேல் ஒட்டிய நாடா சூட்டில் கறுத்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பார். அதே கூடத்தில் அவருடைய தங்கை மகள் ஆராய்ச்சி செய்தாள். அவளையும் நம்பவில்லை. பாசம் வேறு, அது வேறு.

அவள் வேலை என்னவென்று ஒருநாள் தேநீர் நேரத்தில் கேட்டார்.

"புரதம்ங்கிறது மணி கோத்த மாலை மாதிரி மாமா. உலகத்துல எல்லா உயிரும் அதே இருபது மணியைத்தான் மாத்தி மாத்திக் கோக்குது. அமினோ அமிலம்னு பேரு. நான் அதுல ஒண்ணை மாத்தி அமைச்சு, இருபத்தொண்ணாவதா பாக்டீரியாவுக்குக் குடுக்கறேன்."*

"இருபது பத்தலன்னு யார் வந்து உங்கிட்ட அழுதா?"

"மருந்து அழுதுச்சு. ஊசி போட்ட ரெண்டு மணி நேரத்துல உடம்பு அதைக் கரைச்சுடுது. இந்த மணி இருந்தா நாலு நாள் நிக்கும்."

"நீ சொன்னா கிருமி கேக்குமாக்கும். நீயே யார் சொல்லியும் கேக்கமாட்ட."

"உங்க தங்கச்சி பொண்ணுதானே மாமா."

* சில உயிர்களில் இருபத்தொன்று, இருபத்திரண்டு உண்டாம். இதைப் பிற்பாடு சொன்னாள். முதலிலேயே சொன்னால் என்ன?

3

மூன்று வருஷம் பழக்கிய கிருமி அது. மாலையின் நடுவே 'நிறுத்து' என்று ஒரு குறி வைத்திருந்தாள். புது மணி கிடைத்தால் கிருமி நிறுத்தாமல் அதைக் கோத்து மாலையை முடிக்கும். முடித்தால் நுனி பச்சையாக ஒளிரும். மணி இல்லையென்றால் மாலை பாதியில் நின்றுவிடும். ஒளி வராது.

சோதிக்க இரண்டு குடுவை. ஒன்றில் புது மணித் தூள் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டாவது இருட்டாக இருந்தால்தான் கிருமி ஏமாற்றவில்லை என்று அர்த்தம்.

இதைக் கழுவுகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன். கைதேர்ந்த எழுத்தாளன் கடைசிவரை மறைத்து வைத்திருப்பான். எனக்கு மறைத்து விளையாடுவது பிடிக்காது.

4

அன்று காலை அவள் முதல் குடுவைக்குத் தூள் போட்டாள். போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டாள். இரண்டாவது குடுவை சும்மா நின்றது.

[முதலில் எழுதியது: "இரண்டாவது குடுவையில் தூள் விழுந்துவிட்டது."]

[பிறகு: "யாரோ ஒருவர் ஒரு சிட்டிகை"]

கழுவுகிறவர் போட்டார். கரண்டியைச் சுடரில் காட்டி, ஆறவிட்டு, ஒரு சிட்டிகை. மூடியைப் பழையபடி மூடினார். இரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து ஒன்றுக்கு மட்டும் பரிமாறிவிட்டுப் போவார்களா? மறந்திருப்பாள் என்று நினைத்தார். அவள் அம்மாவும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனில் பேசுகிறவள்தான்.

அவள் திரும்பி வந்து இரண்டையும் ஆட்டும் மெஷினில் வைத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டும் ஆள் இல்லை.

5

மறுநாள் நீல விளக்கில் வைத்துப் பார்த்தபோது இரண்டு குடுவையும் பச்சையாக ஒளிர்ந்தன.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏமாத்திடுச்சு மாமா. புது மணி இல்லாமலே பழைய மணி எதையோ வெச்சு முடிச்சிருக்கு. இந்தக் கிருமி இனி உதவாது, எல்லாத்தையும் அழிச்சிடுன்னு எங்க ஆராய்ச்சித் தலைவர் சொல்லிட்டார். ஃப்ரீசர்ல இருக்கிற குப்பியெல்லாம் மூணு மணிக்கு எடுத்து பிளீச்சிங் தண்ணில போட்டுடுங்க. என் கையால முடியாது."

இங்கே மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) போட்டுவிடுகிறார். யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் இந்தத் துறையையே விட்டுப் போகிறாள். அவர் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். (இது நடக்காது. மூணு மணிவரை அவருக்குத் தண்ணீரே இறங்கவில்லை.)

ஆ) குப்பிகளை ஒளித்துவைக்கிறார். (எங்கே? சாப்பாட்டுப் பெட்டியிலா?)

இ) இதை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

6

குப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளீச்சிங் வாளிவரை போனவர், அப்படியே திரும்பி அவள் மேசைக்கு வந்தார்.

"இந்தா பாரு. அந்த ரெண்டாவதுல தூளு... விழுந்து..."

"எங்கிருந்து விழுந்துச்சு?"

"விழல. போட்டேன். நான்தான் போட்டேன்."

ஆமாம், நான்தான். உயரமும் இவ்வளவுதான்.

"எதுக்கு மாமா?"

"பட்டினி போட்டிருந்தியே."

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை வாங்கினாள். ஃப்ரீசரில் பழைய இடத்தில் வைத்து, கதவை இரண்டு முறை அழுத்தி மூடினாள்.

"சாப்பாடெல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணுதான் மாமா. அந்த ஒரு மணி மட்டும்தான் கிடையாது."

"அது உனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?"

"இனிமே என் மேசைப் பக்கம் வந்தீங்கன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

7

தலைவரிடம் பேசி ஒருநாள் தவணை வாங்கினாள். புதிதாக இரண்டு குடுவை. தூள் டப்பா அலமாரிக்குள், சாவி அவள் கழுத்தில்.

என் சிட்டிகைதான் ஒளிர்ந்ததா, கிருமி நிஜமாகவே ஏமாற்றியதா என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நான் ஒப்புக்கொண்டதால் கிருமி யோக்கியன் ஆகிவிடாது.

மறுநாள் பத்து மணிக்கு நீல விளக்குப் பெட்டியில் இரண்டாவது குடுவையை வைத்து, கறுப்புத் துணியால் மூடியிருந்தாள்.

"வாங்க மாமா, சேர்ந்து பாக்கலாம்."

"ஒண்ணைக் காயப்போட்டாத்தான் இன்னொண்ணு நல்லதுன்னு தெரியும்னா, அது என்ன படிப்போ போ."

"இன்னும் நம்பலையா?"

காலி வாளியை எடுத்துக்கொண்டேன். வேண்டுமானால் படிக்கிற நீங்கள் போய் நில்லுங்கள். துணியின் ஒரு மூலை உங்கள் பக்கம்தான் தொங்குகிறது.

நான் நடந்தேன். பின்னால் துணி விலகும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. நீராவி மெஷின் விளக்கைப் போட்டிருந்தது. நாடா நிஜமாகவே கறுத்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.