டன்லியா மேட்டுக்கு எதிராக ஒரு கை

1

இது நகைச்சுவைக் கதையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் ரக்பி கிளப்பின் உறுப்பினர் கூட்டத்தில் ஒரு அக்கா தன் தம்பியை மைக்கில் ஒரே வரியில் மடக்கினாள். கூடமே குலுங்கிச் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த வரியைக் குறித்துவைத்தேன். அதைக் கடைசியில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு கதையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்கவைக்கிற கதைக்கு முடிவு முதலிலேயே கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்த வருடம், டிப்போவில் பஸ்களைக் கழுவவிட்டுவிட்டு நாங்கள் காத்திருந்த ஒரு பிற்பகலில், அந்த அக்கா அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னாள். என் கடைசி வரி அப்படியே நகர்ந்து கதையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. முடிவு கையைவிட்டுப் போய்விட்டது. இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

2

தொடக்கமும் சுலபமாக வரவில்லை.

"டன்லியா ஓவலின் மேற்குப் பக்கம், மழை பெய்தால் வழுக்குகிற அந்தப் புல்மேட்டில், கோனி கமில்லேரி தன் முப்பதாவது—"

(விட்டுவிட்டேன். மேட்டை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நானும் அங்கேதான் நிற்கிறேன்.)

"ரக்பி என்பது வெறும் விளையாட்டல்ல—"

(வெறும் விளையாட்டுதான்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கோனிக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், நான் ஓட்டுகிற அதே டிப்போவில். பெற்றோர் மால்ட்டாவிலிருந்து கப்பலேறி சிட்னியின் மேற்கே வந்து கோழிப்பண்ணை வைத்தவர்கள். தம்பி நினு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மனைவி பிரிந்துபோனபிறகு தனியாக இருப்பவன். எங்கள் அணியான மேரங் நாரைகள் சொந்த மைதானமான டன்லியா ஓவலில் ஆடுகிற நாளெல்லாம் இருவரையும் அந்தப் புல்மேட்டில், ஒரே இடத்தில் பார்க்கலாம். கோனி நடுவரைத் திட்டுவாள். நினு கீழே போய்ப் பட்டாணி வைத்த பஸ்டிட்ஸி என்கிற மால்ட்டாப் பலகாரம் வாங்கிவருவான், சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டே.

(நினு அவளை 'அக்கா' என்று கூப்பிடுவதாக எழுதிப் பார்த்தேன். தமிழில் படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவன் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'கோனி'தான், அதுவும் ஏதோ குற்றம்சாட்டுகிற குரலில். அப்படியே இருக்கட்டும்.)

ஒரு வருடம் பாதி சீசனில் நினு வருவதை நிறுத்தினான். கேட்டதற்கு, "முட்டி போச்சு கோனி, மேடு ஏற முடியல" என்றான். அதற்கு முந்தைய வருடம் அவனுக்குக் குடலில் புற்றுநோய் வந்து அறுவைசிகிச்சை நடந்திருந்தது. வெட்டித் தைத்துவிட்டார்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தான். அவளும் நம்பினாள். முட்டியையும் நம்பினாள். சும்மா சோம்பல் என்றும் கொஞ்சம் நினைத்தாள்.

3

அந்த வருடமே கிளப் நிர்வாகம் கூட்டம் போட்டது. மோட்டார்வேக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஸ்டேடியத்தில் ஏற்கெனவே இரண்டு அணிகள் ஆடுகின்றன. மூன்றாவதாக நாமும் போகலாமா, இல்லை டன்லியாவிலேயே இருப்பதா?

இருக்கவேண்டும் என்ற கட்சிக்குக் கோனிதான் தலைவி. அவளும் டாட்டி என்கிற அவள் சிநேகிதியும் வீட்டுக் கராஜில் பேனர் எழுதினார்கள்: 'ஒரு செங்கல்கூட அசையாது.'

கூட்டத்தில் ஆளுக்கு ஆள் எழுந்தார்கள்.

"அங்க நாம என்ன, வாடகைக்குக் குடிவந்தவனா? கதவுல நம்ம பேருகூட இருக்காது!"

"மழையில நனைஞ்சு நனைஞ்சு எனக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சு. அங்க கூரை இருக்குய்யா."

"கூரை வேணும்னா சர்ச்சுக்குப் போ!"

அப்போது பின்வரிசையில் நினு எழுந்தான். கோனிக்கு ஆச்சரியம். வருவதாக அவன் சொல்லவேயில்லை. மேலே பெரிய ஜாக்கெட் போட்டிருந்தான். கூடத்துக்குள் அவ்வளவு வெக்கை. மைக்கை வாங்கி, தரையைப் பார்த்தபடி பேசினான்.

"நான் போகலாம்னுதான் சொல்றேன். அங்க... வசதி இருக்கு. உட்கார எடம் இருக்கு. நல்ல டாய்லெட் இருக்கு, கதவு சாத்துது, உள்ளயே தண்ணி வருது. எல்லாரும் வரலாம்ல."

கோனிக்குச் சுருக்கென்றது. சொந்தத் தம்பியே எதிர்க்கட்சி. மேடையிலிருந்த மைக்கைப் பிடித்தாள்.

"டாய்லெட் பாக்கவா நினு நீ மேட்சுக்கு வர்ற? உன் வீட்டுல ரெண்டு இருக்கே. சீசன் டிக்கெட்டை அதுக்கே வாங்கிக்கோயேன்!"

இதுதான் அந்த வரி. கூடம் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. யாரோ "கக்கூஸ் கமில்லேரி!" என்று கத்தினார்கள், மறுபடியும் சிரிப்பு. நினுவும் சிரித்தான். ஒரு கையால் மைக்கைத் திருப்பிக் கொடுத்தான். இன்னொரு கை ஜாக்கெட்டுக்கு மேலே வயிற்றோடு ஒட்டியிருந்தது. பிறகு நாற்காலிகளுக்கு நடுவே வழிகேட்டு வழிகேட்டு வெளியே போனான்.

கோனியின் கட்சி ஜெயித்தது. அந்தச் சிரிப்புதான் தயங்கியவர்களை இந்தப் பக்கம் இழுத்தது என்று பலரும் சொன்னார்கள். அவளைத் தோளில் தூக்காத குறை.

4

ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேச அவன் வீட்டுக்குப் போனாள்.

(இங்கே அவள் குளியலறைக்குப் போய், அலமாரியில் எதையோ பார்த்துத் தானே புரிந்துகொள்வதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவனே சொன்னான். சமையலறையில் நின்று, காபி போட்டுக்கொண்டே சொன்னான்.)

"கோவமாடா?" என்றாள்.

"இல்ல. நல்ல ஜோக்குதான்."

"பின்ன ஏன் போன் எடுக்கல?"

நினு ஸ்பூனைக் கீழே வைத்தான். "என் வயித்துல பை இருக்கு கோனி."

"என்ன பை?"

"ஆபரேஷன் பண்ணாங்கள்ல. திரும்பத் தைக்கல, தைக்க முடியல. வயித்துல ஓட்டை போட்டு வெளிய பை மாட்டி விட்டிருக்காங்க. எல்லாம் அதுலதான் வருது. சாகறவரைக்கும் அப்படித்தான்."

கோனி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பழகிடுச்சு. மேட்சுக்கும் வந்துட்டுத்தான இருந்தேன். அன்னிக்கு ரெண்டாவது பாதியில, நீ நடுவரைத் திட்டிட்டு இருந்த, பை பிச்சிக்கிச்சு. கீழ ஓடினேன். ஒரே ஒரு ரூமு, தாழ்ப்பா கிடையாது. கையைக் கழுவணும்னாகூட வெளிய வரணும். வரிசையில நின்னவனுங்க கதவைத் தட்டுறானுங்க. 'உள்ள என்னடா செத்துட்டியா, நாத்தம் தாங்கல'ன்னு. எல்லாம் நமக்குத் தெரிஞ்சவனுங்கதான். ஜாக்கெட்டை இடுப்புல கட்டிக்கிட்டு வீடுவரைக்கும் நடந்தே வந்தேன். பஸ்ல ஏறலை."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா மைக்குல சொல்லியிருப்ப."

வேடிக்கையாகத்தான் சொன்னான். கோனி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் அருகே வந்து நின்றான். தொடத் தெரியாதவன்போல அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு. உன் டாட்டிக்கும்தான்."

பண்ணினாள்.

5

இதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசகர்கள் அவளை மேசையில் கவிழ்ந்தவளாகவே விட்டுவிடுவார்கள்.

கிளப் தலைவர் டெஸ் ஹாலோரனைப் போய்ப் பார்த்தாள். டன்லியாவில் ஒரே ஒரு நல்ல கழிப்பறை: தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர், ஒரு அலமாரி. அவ்வளவுதான் கேட்டாள்.

"யாருக்கு?" என்றார் டெஸ்.

"பொதுவா."

"பொதுவாவா! அடுப்புல வச்ச பானை மாதிரி முழுக் கூடத்தையும் கொதிக்க வச்சுட்டு, இப்ப நீயே வந்து டாய்லெட் கேக்கறியா கோனி? செவுத்தை இடிக்கணும். உன் பேனர்ல என்ன எழுதியிருந்த?"

"தெரியும்."

"மைதானம் கவுன்சிலுக்குச் சொந்தம். பழைய கட்டடம், அனுமதி வேணும். காரணம் சொல்லு, நான் பேசறேன். இன்னாருக்கு இன்ன கஷ்டம்னு ஒரு ஆளைக் காட்டு. அப்பத்தான் அவனுங்க காதுல ஏறும்."

ஆள் இருந்தான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வேலை நடக்கும், சத்தியம் போகும். டெஸ் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை.

"ஒருத்தரும் இல்ல," என்று எழுந்து வந்துவிட்டாள்.

நினுவிடம் கெஞ்சினாள். "பேரு மட்டும் சொல்லிக்கறேன்டா." அவன் முடியாது என்றான். "அந்த மேட்டுல எனக்கு ஒரு பேரு இருந்துச்சு. பஸ்டிட்ஸிக்காரன். இப்ப கக்கூஸ்காரன். அடுத்ததா பைக்காரனா?"

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் டன்லியாவில் புதுக் கழிப்பறை திறக்கிறார்கள், நினு மேடேறி வருகிறான். நன்றாகவே வந்திருந்தது. எழுதும்போது கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டுக் கிழித்தேன்.

இரண்டாவதில் கோனி மறுபடி மைக்கைப் பிடித்து உண்மையைச் சொல்கிறாள், கூடமே எழுந்து நின்று— (இல்லை. அது நினுவின் உடம்பு. அதைக் கூட்டத்தில் காட்டிக் கைதட்டு வாங்க அவளுக்கும் உரிமை கிடையாது.)

மூன்றாவது, நடந்தது. அடுத்த வருடம் குளிர்காலம் தொடங்கும்போது (இங்கே ஜூன்தான் குளிர்காலம்) நோய் கல்லீரலுக்கு ஏறிவிட்டது. ஜூனில் நினு இறந்தான். கடைசி வாரம் முழுக்கக் கோனிதான் பையை மாற்றினாள், நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி. முதல்முறை அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டாவதுமுறை, "உனக்கு இது நல்லாக் கைவருது" என்றான்.

அந்த சீசன் முடிந்ததும் கிளப் மறுபடி வோட்டெடுப்பு வைத்தது. பழைய மர கேலரி ஆபத்தென்று கவுன்சில் மூடிவிட்டது. பார்வையாளர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். இந்தமுறை யாரும் கத்தவில்லை. "ஸ்டேடியத்துக்குப் போகலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார் டெஸ்.

முன்வரிசையில் கோனி கையைத் தூக்கினாள்.

பக்கத்தில் டாட்டி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "கையை இறக்கு கோனி. கேள்வி மாறிப்போச்சு, இது போகணும்கிறவங்களுக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்? நாம கராஜ்ல உக்காந்து பேனர் எழுதினோம்டி!"

"தெரியும் டாட்டி."

பின்னால் ஒருவர், "எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். கோனி திரும்பவில்லை. கையையும் இறக்கவில்லை. அவள் கை இல்லாவிட்டாலும் அந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்கும், அவ்வளவு கைகள். டாட்டி அன்றோடு அவளிடம் பேசுவதில்லை. மேட்டில் இருந்தவர்கள் பலரும் அப்படித்தான். நானும் ஏன் என்று புரியாமல்தான் இருந்தேன், டிப்போவில் அந்தப் பிற்பகல்வரை.

"அது அவன் வோட்டு," என்றாள் என்னிடம். "அவனால வர முடியல. நான் போட்டேன். அவ்ளோதான்."

7

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். சத்தியத்தை நினைத்து யோசித்தாள். கழுவி முடித்த பஸ்ஸிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கிலீஷ்ல எழுதாத. உன் பாஷையில எழுது. மேட்டுல ஒருத்தனும் படிக்க மாட்டான். பேரை மாத்திடு."

மாற்றியிருக்கிறேன். ஊர், அணி, எல்லாமே வேறு. பிறகு கேட்டாள்: "உன் கதையில அவன் சாகறானா?"

சாகிறான் என்றேன்.

"அதோட முடிக்காத. மீட்டிங்கோடயும் முடிக்காத."

"வேற எதோட முடிக்கிறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். அவன் இறந்த வருடம், மார்ச் மாதம், சீசனின் முதல் ஆட்டம். நோய் திரும்பிவந்தது இன்னும் தெரியாத நாள். அன்று மேட்டுக்குப் போகாமல் நினுவின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மேட்ச் இல்லையா?" என்றான் நினு.

"இருக்கு. டிவியைப் போடு."

"மேட்டுல உன்னைத் தேடுவாங்க."

"தேடட்டும். தள்ளி உக்காரு."

சோபாவில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் இருவருக்கும் கூச்சம். விருந்தாளிகள் மாதிரி திரையைப் பார்த்தார்கள். பிறகு நடுவர் ஒரு தப்பு செய்தார். கோனி கத்தினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "டிவிக்குள்ள கேக்காது கோனி," என்றான் நினு. அடுத்த தப்புக்கு அவனும் கத்தினான். இடைவேளைக்கு முன்னால் ஒருமுறை எழுந்து உள்ளே போனான், கதவைச் சாத்திக்கொண்டான், அவசரமில்லாமல் திரும்பி வந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று அவன்தான் கேட்டான். நாலு புள்ளி பின்னால் இருக்கிறோம் என்றாள்.

கடைசி நிமிடங்கள். நாரைகளின் ஓரத்து ஆட்டக்காரன், விலியாமி என்கிற புதுப் பையன், எதிரணி எறிந்த பந்தைப் பாதியில் பறித்தான். முன்னால் காலி மைதானம். பின்னால் இரண்டு பேர் துரத்துகிறார்கள். நினு எழுந்துவிட்டான். கோனியும் எழுந்தாள். அவன் ஒரு கை வயிற்றில், இன்னொரு கை அவள் தோளில், நசுங்குகிற மாதிரி இறுக்கமாக. "ஓடுறா! ஓடுறா! திரும்பிப் பாக்காத!"

"அங்க நிறுத்து," என்றாள் கோனி, டிப்போவில் என்னிடம்.

"ட்ரை விழுந்துச்சா, கோட்டைத் தாண்டிப் பந்தை வச்சானா இல்லையான்னு கேப்பாங்களே?"

"யாரு?"

"படிக்கிறவங்க."

"அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறினாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகியிருந்தது.

அந்த ஆட்டத்தின்போது நான் மேட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். விலியாமி எனக்கு நேர் எதிரே ஓடினான். கோட்டருகே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. சோபாவுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். நீங்கள் முடிவு பண்ணுகிறவரைக்கும் அவர்கள் உட்காரவேண்டியதில்லை.