எட்டு என்று குரல் கொடுத்தது யார்?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் அம்மா. கொலம்பியாவில் ஒரு பெண்ணைத் தத்தெடுத்துக்கொண்டு நாங்கள் குடும்பத்தோடு அமெரிக்காவில் எங்கள் கான்சாஸுக்குத் திரும்பிய பயணத்தை ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாக வாசிக்க வேண்டுமாம்.

"நீதானடி காலேஜ் முடிச்சவ. கேக்கறவங்க கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய நாளிலிருந்து, கார் இன்சூரன்ஸ்காரனோடு சண்டை போடுவதிலிருந்து கர்த்தருக்கு நன்றி சொல்வதுவரை எல்லாம் என் வேலை.

முதல் தொடக்கம்: "எங்கள் மேஜையில் ஒரு நாற்காலி காலியாகக் காத்திருந்தது." பொய். பிள்ளைகள் ஏழு பேர். என் தம்பி டக்கர் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

இரண்டாம் தொடக்கம்: "விமானத்துக்குக் கீழே மேகங்கள் பஞ்சுப் பொதி போல" — சே.

2

வந்தவளுக்குப் பதினோரு வயது. பெயர் யுரானி. அம்மா அவளுக்கு மெர்சி என்று பெயர் வைத்தாள். மெர்சி என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மரியாதையாகச் சும்மா இருந்தாள். (அம்மா, இந்த வரியை நீ அடித்துவிடுவாய். அடி. நான் மறுபடி எழுதுவேன்.)

எங்களைப் போன்ற பெரிய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கடையோ கண்காட்சியோ, கிளம்பும்போது அம்மா "எண்ணுங்க!" என்று கத்துவாள். நான் ஒன்று என்பேன். அடுத்தவன் இரண்டு. இப்படியே ஏழு வரைக்கும். அம்மா தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாள், காது போதும். யுரானிக்குக் கிடைத்தது எட்டு. ஏழாம் நம்பர் எங்கள் நாலு வயதுக் குட்டி. அந்தக் குட்டிக்கும் பின்னால் பதினோரு வயதுப் பெண். இதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தன் எண்ணைச் சொல்லவேயில்லை. அதனால் கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் டக்கர், குரலைக் கீச்சென்று மாற்றி, அவளுக்கும் சேர்த்து "எட்டு!" என்றான். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள் என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். நான் பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன்.

3

நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். முனையத்திலிருந்து முனையத்துக்கு விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் ஓடும். எங்கள் எல்லோர் மேலும் மஞ்சள் டி-ஷர்ட், நெஞ்சில் "இனி நாங்கள் எட்டு!" அம்மாவின் யோசனை. பார்க்க நகரும் வாழைத்தார் மாதிரி இருந்தோம்.

ரயில் வந்தது. "எண்ணுங்க!" ஒன்றிலிருந்து எட்டுவரை சரியாக வந்தது. கதவு மூடியது.

விமானத்தில் ஏறும் வாசலில் அப்பா சீட்டுகளைப் பங்கு வைத்தார். அவர் லாரி மெக்கானிக். வேலை முடிந்தபின் கையில் ஒரு திருகாணி மிஞ்சினால் வரும் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் வந்தது.

"டார்லா, ஒண்ணு மிச்சமிருக்கு," என்றார் அம்மாவிடம்.

"நல்லாப் பாருங்க. எண்ணிட்டுத்தான ஏறினோம்? எட்டும் என் காதுல விழுந்துச்சே!"

எல்லோரும் டக்கரைப் பார்த்தோம்.

"எப்பவும் நான்தானம்மா சொல்லுவேன்," என்றான். அவன் உதடு வெளுத்துவிட்டது. "நீங்கல்லாம் சிரிப்பீங்களே."

4

ரயில் ஏறிய நடைமேடைக்கு நான் திரும்பி ஓடினேன். இனி என்ன நடந்தது என்பதற்குக் கைவசம் மூன்று வடிவங்கள் இருக்கின்றன.

சபைக்கு: அவள் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய — அந்த ஊரில் ஏது சேலை? வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மாது.

காலேஜில் என் எழுத்து வகுப்பு எடுத்த பேராசிரியருக்கு: நடைமேடை காலி. பெஞ்சில் ஒரு மஞ்சள் டி-ஷர்ட் மட்டும். (இதற்கு அவர் 'ஏ' கிரேடு போட்டிருப்பார்.)

நடந்தது: அவள் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தாள். அழவில்லை.

"தெரியாம விட்டுட்டோம்," என்றேன், பள்ளிக்கூடத்து ஸ்பானிஷில்.

"தொலைஞ்சு போகல நான். அந்தத் தூணுக்குப் பின்னாடி ஷூ கயிறு கட்டிட்டிருந்தேன்."

"கூப்பிட வேண்டியதுதான?"

"எதுக்கு? எட்டுன்னு கேட்டுச்சு. உங்கம்மா சிரிச்சாங்க. கணக்கு சரியாயிடுச்சு. அப்போ நான் தேவையில்லன்னு உக்காந்துட்டேன்."

இந்த இடத்தில் கதாசிரியர் ஏதாவது அழகாகச் சொல்ல வேண்டும். எனக்கோ யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

5

அவள் கேட்டாள்: "நான் வந்துதான் ஆகணுமா?"

பதிலின் வரைவுகள்:

"நாங்க எல்லாரும் உன்மேல எவ்வளவு பாசம்" — அவள் கேட்டது அது இல்லை.

"உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்" — பச்சைப் பொய். நீதிபதி தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கொலம்பியாவில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை. அவள் இஷ்டத்தை யாரும் எந்த மேஜையிலும் வைக்கவில்லை.

நான் சொன்னது: "ஆமா. வந்துதான் ஆகணும். ஆனா சிரிச்சுக்கிட்டே வரணும்னு ஒண்ணும் இல்ல. கோவமாவே வா."

இந்த அனுமதியை அவளுக்கு யாரும் அதுவரை கொடுத்ததில்லை போல. சிப்ஸ் பையை மடித்து மடித்து நகம் அளவுக்குச் சிறிதாக்கினாள். எழுந்தாள். இரண்டடி வைத்துவிட்டு நின்றாள்.

"எவ்வளவு நாளைக்குக் கோவமா இருக்கலாம்?"

ஒலிபெருக்கி எங்கள் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்பியது. ரயில் வந்து நின்றது.

பயப்படாதீர்கள், வந்துவிட்டாள். இப்போது அடுத்த அறையில்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு மாதமா? இங்கிலீஷ் வரும்வரையா? கல்யாணம் ஆகிறவரையா? அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் முடித்துவிடுங்கள். என்னிடம் வேண்டாம், அவளிடம் போய்ச் சொல்லுங்கள். கட்டிப்பிடிக்காமல், கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள். சொன்ன பிறகு, அவள் முகத்தில் சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.