இரண்டாம் மாடியில் மட்டும் சிவப்பு

நாலு மணிக்குள் எண்பத்து நாலு கம்ப்யூட்டரையும் பூட்டியாக வேண்டும். பூட்டுவது என்றால் சாவி போட்டு இல்லை. கம்ப்யூட்டர் கண் விழித்தவுடன் முதலில் ஓடுகிற பயாஸுக்குள் நுழைந்து, இனிமேல் பென் டிரைவிலிருந்து எழுந்திருக்காதே என்று சொல்லி வைக்க வேண்டும். போன வாரம் எவனோ ஒருவன் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகி, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே புகுந்து, காப்பீட்டுக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்விட்டான். இன்றைக்கு நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்துத் தணிக்கை ஆட்கள் வருகிறார்கள்.

ஒவ்வொன்றாக அணைத்து எழுப்பி மாற்றினால் இரண்டு நாள் ஆகும். கட்டளைத் திரையில் மாட்யூல் என்கிற துணை நிரல் ஒன்றை ஏற்றிவிட்டால், ஒரே வரியில் வேலை முடியும். அந்த வேலையை மேலதிகாரி மேடம், இன்னும் நிரந்தரம் ஆகாத கடுகிடம் கொடுத்திருந்தார்.

“இதை ஒழுங்கா முடி. வேலை நிரந்தரம்னு இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்.”

“முடிக்கலைன்னா மேடம்?”

“பார்க்கலாம்.”

மேலதிகாரி வாயில் வருகிற ‘பார்க்கலாம்’ என்ன விலை என்று கடுகுக்குத் தெரியும். ஆள் குள்ளம், வாய் நீளம் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் கடுகு. அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். காலையில் கிளம்பும்போதுகூட, “இன்னைக்குச் சொல்லிடுவாங்கல்லம்மா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டிருந்தார்.

பத்து மணிக்குத் தன் இருக்கையில் உட்கார்ந்து மாட்யூலை ஏற்றும் கட்டளையைத் தட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. மாட்யூலை ஏற்ற முடியவில்லையாம், அது சார்ந்திருக்கும் ஏதோ ஒன்றைக் காணவில்லையாம்.

மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

“என்ன கடுகு, செவப்பா வருதா?”

வாசலில் திருப்புளி நின்றிருந்தான். சட்டைப் பையில் எந்நேரமும் திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், செருகியிருப்பதால் அந்தப் பெயர் பெற்ற சீனியர். தரைத்தளமும் முதல் மாடியும் அவன் பொறுப்பு, ஐம்பத்து மூன்று கம்ப்யூட்டர். இரண்டாம் மாடியின் முப்பத்தொன்றும் அவளுடையது.

“செவப்பா வருதுன்னு உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?”

“உன் மூஞ்சியே செவந்திருக்கே.” சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலிலிருந்து பார்த்தால் திரையின் முதுகுதான் தெரியும். இந்த இடத்துக்குத் தன் மனைவியின் தம்பி விண்ணப்பம் போட்டிருப்பதை அவன் ஒளித்ததே இல்லை.

விதிப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இருந்தது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற தடையை நீக்கினாள். மாட்யூல் கோப்புறையில் பதினான்கு கோப்பு. வரவேற்பு மேஜையிலும் அதே பதினான்கு, அதே அளவு. ஆனால் அங்கே கட்டளையைத் தட்டினால் மாட்யூல் வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல ஏறியது.

“அக்கா, நேத்து திருப்புளி அண்ணன் ரெண்டாம் மாடிக்கு, என் சீட்டுப் பக்கம் போனாரா?” வரவேற்பு அக்காவிடம் கேட்டாள்.

“போனானே. ஸ்டேப்ளர் எடுக்கப் போறேன்னான்.”

“கீழ ஸ்டேப்ளர் இல்லையா?”

“எங்கிட்டயே மூணு இருக்கு.” அக்கா குரலைத் தணித்தாள். “நான் ஒண்ணும் சொல்லலைடி தாயே.”

முதல் மாடியில் ஐந்து கம்ப்யூட்டரில் சோதித்தாள். ஐந்திலும் ஏறியது. இரண்டாம் மாடியில் ஐந்து. ஐந்திலும் சிவப்பு. அவன் தளங்களில் மழை, அவள் தளத்தில் மட்டும் வெயிலா? வேலியே பயிரை மேய்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். பன்னிரண்டரைக்கு மேடத்துக்கு மின்னஞ்சல் போனது: ‘இரண்டாம் மாடிக் கம்ப்யூட்டர்களில் சீனியர் வேண்டுமென்றே எதையோ கெடுத்திருக்கிறார். ஆதாரம் தருகிறேன்.’

ஆதாரத்தைத் தேடத்தான் இரண்டு கம்ப்யூட்டரின் நிரல் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். வரவேற்பில், மற்ற நிரல்கள் ஓடத் துணை நிற்கும் ஒரு ரன்டைம் தொகுப்பு இருந்தது. அவளிடத்தில் இல்லை. மாட்யூல் சாய்ந்து நிற்கிற சுவர் அதுதான். சுவரை யாரோ இடித்திருக்கிறார்கள். சிக்கினான் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தாள். நிரல் அகற்றப்பட்டது, நாள், மணி, அகற்றியவரின் பயனர் பெயர், எல்லாம் அங்கே இருந்தது.

அது அவளுடைய பெயர்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே திருப்புளி போட்டுவைத்த எதையும் அவள் நம்பியதில்லை. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன் பார்த்தபோது, பட்டியலில் ஒரே பெயரில், வேறு வேறு ஆண்டு எண்ணோடு ஆறு தொகுப்புகள் கிடந்தன. ஒரே பொருளுக்கு ஆறு பிரதி எதற்கு? வேவு பார்க்க எதையோ செருகியிருக்கிறான் என்று தோன்றியது. புதியதை மட்டும் விட்டு மிச்சத்தைத் தூக்கினாள். தன் கம்ப்யூட்டரோடு நிற்கவுமில்லை. முப்பத்தொன்றிலும் தூக்கினாள். ‘தேவையற்ற மென்பொருள் அகற்றம்’ என்று அறிக்கை எழுதி, கூட்டத்தில் மேடத்தின் கைதட்டலையும் வாங்கினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நேரே கீழே இறங்கினாள்.

“நான்தான் எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியும்.”

திருப்புளி நிமிரவில்லை. “உன் அறிக்கையைப் படிச்ச அன்னைக்கே தெரியும். ஒருநாள் இது கடிக்கும்னு நெனச்சேன்.”

“காலையிலயாவது சொல்லியிருக்கலாமே!”

“நீ கேட்டியா? நான் சொன்னா நம்பியிருப்பியா?”

“நேத்து எதுக்கு வந்தீங்க? ஸ்டேப்ளருக்கா?”

“எடுத்ததை இன்னும் திரும்பப் போடாமத்தான் இருக்கியான்னு பார்க்க.” வெட்கமே இல்லாமல் சொன்னான். “என் மச்சானும் வேலை தேடுறான்மா. நான் ஒண்ணும் மகான் இல்ல.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள். மணி ஒன்றே முக்கால். தொகுப்பை மறுபடி நிறுவக் கால் மணி நேரம் போதும். ஆனால் எந்த மென்பொருளை நிறுவவும் மேடத்தின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். ‘காணாமல் போனது’ என்று எழுதினால் ஒப்புதல் வந்துவிடும். பதிவேட்டை அழிக்கும் உரிமையும் அவளிடம் இருந்தது. மின்னஞ்சல் ஏற்கெனவே அவனைக் கை காட்டிவிட்டது. ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். கடைசிவரை அவன்மேலேயே சந்தேகம் நிற்கும்.

விரல் சுட்டியின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்படிச் செய்தால், அவன் என்ன செய்வான் என்று இவள் ஆறு மாதமாகப் பயந்தாளோ, அதை இவளே செய்ததாக ஆகிவிடும். பதிவேட்டை அழிக்காமல் மூடினாள்.

காரணம் கட்டத்தில் எழுதினாள்: ‘இதை முப்பத்தொரு கம்ப்யூட்டரிலிருந்தும் அகற்றியது நான். என்னவென்று தெரியாமல் அகற்றினேன். பன்னிரண்டரை மணிக்கு அனுப்பிய புகார் தவறு.’

பத்து நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. வேறு ஒரு சொல் வரவில்லை. மூன்று ஐம்பதுக்கு எண்பத்து நாலும் பூட்டியாகிவிட்டது. தணிக்கை ஆட்கள் பார்த்து, தலையாட்டி, போனார்கள்.

ஐந்து மணிக்கு மேடம் கூப்பிட்டார். “வேலை முடிஞ்சுது. ஆனா கையெழுத்து இன்னைக்கு இல்ல. மூணு மாசம் தள்ளிப் போடறேன்.”

“சரி மேடம்.” அப்பாவிடம் என்ன சொல்வது? “சீனியருக்கு ஒண்ணும் இல்லையா மேடம்?”

“அவர் எதையும் எடுக்கலையே.”

“தெரிஞ்சே வாயை மூடிட்டு வேடிக்கை பார்த்தாரே, அதுக்கு என்ன பேர் மேடம்?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுதிக் குடு. உன் தப்பையும் சேர்த்து எழுது.”

எழுதினாள். தன் தப்பை முதலில், அறிக்கையைப் படித்த நாளிலிருந்து மூன்று வாரம் அவன் தெரிந்தே காத்த மௌனத்தை அடுத்து. பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்த திருப்புளியைக் கூப்பிட்டு, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“படிச்சுப் பாருங்கண்ணா. உங்க முதுகுக்குப் பின்னால அனுப்ப விரும்பல. பொய் இருந்தா சொல்லுங்க.”

அவன் நின்றபடியே படித்தான். இரண்டாவது பத்தியில் முகம் இறுகியது. கடைசிவரை படித்துவிட்டுத் திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

“மூணு வாரம் இல்ல. பத்தொன்பது நாள்.”

கடுகு அதைத் திருத்தி, அனுப்பினாள்.