பூட்டக்கா போனைக் கொடுக்கவில்லை

ஓய்வூதிய அலுவலகத்தின் நடைகூடத்தில் எள் விழ இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் காலையிலேயே நிரம்பிவிட்டன. பிறகு வந்தவர்கள் சுவரோரம் குந்தினார்கள், மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு போன். பேத்தி கழித்துப் போட்டது, மருமகன் கொடுத்தது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தது. யாரும் அதில் பேசவில்லை. சூடான டீ கிளாஸைப் பிடிப்பதுபோல் விளிம்பில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஓய்வூதியக் கணக்கெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டது. கணக்கோடு போன் நம்பரைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால்தான் கணக்குக்காரர் இவர்தான் என்று அது ஒத்துக்கொள்ளும். இன்றுதான் கடைசி நாள். இன்றைக்கு முடிக்காதவர்களுக்கு அடுத்த மாதத்திலிருந்து பணம் கிடையாது.

பூட்டக்கா மகளின் பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தாள். அதன் கண்ணாடி ஒரு மூலையில் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. பக்கத்தில் நெட்டச்சி. இரண்டு பேரும் பிஸ்கட் ஃபேக்டரியில் மாவு மிக்சர் கழுவினவர்கள்.

"அக்கா, பணம் நின்னுட்டா என்ன பண்ணுவே?" என்று நெட்டச்சி கேட்டாள்.

"நிக்காது. நான்தான் வந்து உக்காந்திருக்கேனே."

வாய்தான் அப்படிச் சொன்னது. விரல் போனின் விரிசலைத் தடவிக்கொண்டே இருந்தது. பூட்டக்கா மகள் வீட்டில் இருக்கிறாள். மாதம் பிறந்ததும் ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு வந்து சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவாள். மருமகன் பார்த்ததாகவும் காட்டிக்கொள்ள மாட்டான், மகள் எடுத்ததாகவும் சொல்ல மாட்டாள். ஆனால் சாப்பிட உட்காரும்போது தலை நிமிர்ந்து உட்காரலாம். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்று கேட்டு வாங்கலாம். அந்த ஒரு சுகத்துக்காக அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள், ஒன்றிரண்டு காரியங்களைத் தவிர.

வரிசை வேகமாகத்தான் நகர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கிளார்க் அம்மா கெட்டிக்காரி. ஒவ்வொருத்தரிடமும் போனை வாங்கி, முதுகில் பெயர்ச் சீட்டை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கிவிட்டாள். எந்தப் போன் டிங் என்று சத்தம் போடுகிறதோ அதை எடுத்துப் பார்த்து, எண்ணைத் தானே தட்டினாள். சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அடிக்கொரு தரம் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பாவம், அவளையும் குறை சொல்வதற்கில்லை.

நெட்டச்சி முதலில் போய்ப் போனை டிரேயில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்தது பூட்டக்கா. அடையாள அட்டையையும் போன் நம்பர் எழுதிய சீட்டையும் தடுப்பின் அடியில் தள்ளினாள்.

"போனை டிரேல வைங்கம்மா."

"இருக்கட்டும். என் கையில இருக்கு."

"நீங்க வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? நம்பர் வந்தா பாத்துப் போடணுமில்ல?"

"வரட்டும். எங்க போடணும்னு சொல்லு, நானே போடுறேன்."

"கம்ப்யூட்டர் உள்ள இருக்கும்மா. வெளி ஆளுங்க தொடக் கூடாது."

"அப்போ என் போனை மட்டும் வெளி ஆளுங்க தொடலாமா?"

பின்னால் நின்ற விசில்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காது. "குடுத்துத் தொலைங்கக்கா. போன்ல என்ன காதல் கடுதாசியா இருக்கு?"

"இருந்தா உனக்கு ஏன்யா வயிறு எரியுது?"

நடைகூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போன் டிங் என்றது. பூட்டக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் வந்த எண்ணுக்கு நேரம் முடிந்துவிட்டது.

"ஒண்ணு போச்சு," என்றாள் கிளார்க் அம்மா. "மூணு தடவைதான் விடும். இன்னொண்ணு அனுப்புறேன். போனைக் குடுக்க வேணாம், நம்பரை மட்டும் வாயால சொல்லுங்க, போதும்."

மறுபடி டிங். இந்த முறை பூட்டக்கா கண்ணாடியோடு தயாராக இருந்தாள். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். எண்ணை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்ததை. "இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். எங்கள் ஊழியர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்." நிமிர்ந்து பார்த்தாள். "இதை அனுப்புறது யாரும்மா?"

"எங்க ஆபீஸ்தான்."

"நீங்களே சொல்லாதேங்கிறீங்க, நீங்களே கேக்குறீங்க. நான் எந்தப் பேச்சைக் கேக்குறது?"

"ஐயோ, அது எல்லாருக்கும் வர்றதும்மா. இதையெல்லாம் பாத்தா வேலை நடக்குமா?"

பூட்டக்காவின் கை போனின் மேல் இறுகியது. இந்த வார்த்தையை அவள் முன்னாலேயே கேட்டிருக்கிறாள். அச்சுப் பிசகாமல் இதே வார்த்தை.

ஃபேக்டரியில் மாவு மிக்சர் என்பது ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் இரும்புத் தொட்டி. உள்ளே தொடைப் பருமனில் இரண்டு இரும்புக் கைகள் சுழன்று மாவைப் பிசையும். ஷிஃப்ட் முடிந்ததும் பெண்கள் அதன் வாய் வழியாக உள்ளே இறங்கி, ஒட்டிய மாவைச் சுரண்டி, சோடாக் காரம் கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்ப்பார்கள். இறங்குவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட வேண்டும். சாவி அவரவர் உடம்பில் இருக்க வேண்டும். போட்ட கைதான் திறக்கலாம், வேறு ஆள் தொடக் கூடாது. சட்டம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பூட்டுப் போட்டுத் திறக்க நேரமாகிறது என்று முக்கால்வாசிப் பேர் பூட்டை ஆணியில் மாட்டியதோடு சரி. பூட்டக்கா ஒருத்திதான் ஒருநாள்கூடப் பூட்டாமல் இறங்கியதில்லை. கேலியாக வைத்த பெயர்தான் பூட்டக்கா. அந்தச் சாவி இன்றைக்கும் அவள் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது.

நெட்டச்சி வேலைக்குச் சேர்ந்த புதிது. பெரிய ஆர்டர் வந்திருந்த சமயம். இரண்டு பேரும் உள்ளே இறங்கியிருந்தார்கள், ஸ்விட்சில் பூட்டக்காவின் பூட்டு மட்டும்தான். சோடாத் தண்ணீர் தீர்ந்துபோய் வாளியோடு பூட்டக்கா வெளியே வந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"முடிஞ்சுதில்ல? சாவியைக் குடு."

"உள்ள ஆள் இருக்கு சார்."

அவர் தொட்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அடுப்பு இரைச்சலில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. "ஒருத்தரும் இல்ல. வேற பூட்டும் இல்லையே? இதையெல்லாம் பாத்தா வேலை நடக்குமா? குடு சாவியை."

"நான் போட்ட பூட்டு சார். நானே இறங்கிப் பாத்துட்டு வந்துதான் திறப்பேன்."

"வேலை வேணுமா வேணாமா?"

"போனா போகுது சார். சாவி குடுக்க மாட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தார். உடும்புப் பிடி, அசையவில்லை. அப்போதுதான் தொட்டியின் வாயில், முடியெல்லாம் மாவு அப்பிய நெட்டச்சியின் தலை எட்டிப் பார்த்து, "அக்கா, தண்ணி எங்கே?" என்று கேட்டது. சூப்பர்வைசரின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் சொன்ன சொல் கேட்கவில்லை என்று பூட்டக்காவை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்தினார். அவள் திரும்பி வந்த அன்று மெயின் ஸ்விட்சில் எல்லாப் பெண்களுடைய பூட்டுகளும் கொத்தாகத் தொங்கின. பூட்டக்கா வாழ்க்கையில் கண் நிறைந்து பார்த்த காட்சி அது ஒன்றுதான்.

இதை அவள் கவுன்ட்டரில் நின்று சொல்லவில்லை. நெட்டச்சிதான் சொன்னாள். அழுதுகொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும், நடைகூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது எண்ணுக்கும் நேரம் முடிந்திருந்தது.

கிளார்க் அம்மா உள்ளறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கீபோர்டின் வயரை இழுத்து, தடுப்பின் அடி வழியாக அதை வெளியே நீட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நீங்களே போடுங்கம்மா. கடைசித் தடவை."

டிங். எண் வந்தது. பூட்டக்கா கீபோர்டை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் திரை இருண்டுவிட்டது. பூட்டு எதுவும் இல்லாத போன், தள்ளினாலே திறக்கும்; விரலை வைத்துத் தேய்த்தாள். திறக்கவில்லை. காலமெல்லாம் சோடாத் தண்ணீரில் ஊறி, தோல் தடித்துக் காய்ந்த விரல். நாக்கில் தொட்டுத் தேய்த்தாள். போன் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. நெட்டச்சி விரலை வைத்துப் பார்த்தாள். அவளும் அதே சோடாவில் ஊறினவள்தானே.

"என்கிட்ட காட்டுங்கக்கா," என்று விசில்காரர் முன்னால் வந்தார்.

"விரலை மட்டும் வை. படிச்சே, தொலைச்சுப்புடுவேன்."

"இந்தாங்க, கண்ணை மூடிட்டேன், போதுமா?" அவர் நிஜமாகவே கண்ணை இறுக்கிக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டு, திரையைத் தள்ளினார். திறந்தது. பூட்டக்கா ஒரு கையால் எண்ணை மறைத்துக்கொண்டு, மறுகையின் ஒற்றை விரலால் கீபோர்டில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

கிளார்க் அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. "நேரம் முடிஞ்சிருச்சும்மா. கணக்கை முடக்கிடுச்சு."

மிஷின் ஒரு சீட்டைத் துப்பியது. கணக்குக்கு உரியவர் இவர்தான் என உறுதிசெய்ய இயலவில்லை.

"என்னங்க இது அநியாயம்?" விசில்காரர் குரல் பஸ்ஸில் எழும்புவதுபோல் எழும்பியது. "இவங்க யாருன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க!" ஆமாம் ஆமாம் என்று பல குரல்கள். நாற்காலிகளிலிருந்தும் படிகளிலிருந்தும் கைகள் உயர்ந்தன.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதாதுங்க," என்றாள் கிளார்க் அம்மா, தலையைத் தூக்காமல். "போனுக்குத் தெரியணும்."

"எப்போ திறப்பாங்க?" என்று பூட்டக்கா கேட்டாள்.

"மேலிடத்துக்கு எழுதணும்மா. எத்தனை மாசம்னு என்னால சொல்ல முடியாது."

டிரேயிலிருந்து நெட்டச்சியின் போன் திரும்பி வந்தது. முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் 'முடிந்தது' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நெட்டச்சி உடைந்துபோனாள்.

"குடுத்துட்டு வந்தவளுக்கு வருது. குடுக்காதவளுக்கு இல்லையாம். நீ குடுத்திருந்தா அன்னிக்கு நான் பிஸ்கட்டாப் போயிருப்பேன்க்கா."

"உன்னைப் போட்டுச் செஞ்சா எவன் திங்கிறது? கண்ணைத் துடை."

"என் பணத்துல பாதி நீ எடுத்துக்கோ."

"வாயை மூடுடி. உன் பணம் உன்னுது."

பூட்டக்கா கிளம்பவில்லை. சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. இனி எப்படிக் குழம்பு கேட்பாள்? போனைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். மனம் கூச்சப்பட்டதே தவிர ஒத்துக்கொள்ளவில்லை. தான் செய்தது சரி. அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள். வரிசை கரைந்தது, டிரே காலியானது. நெட்டச்சியும் பக்கத்திலிருந்து அசையவில்லை.

"அம்மா, ஆபீஸ் மூடணும்," என்று சாயங்காலம் காவலாளி வந்து நின்றார்.

"யாருன்னு உறுதியாகலையாம். ஆகிற வரைக்கும் உக்காந்திருக்கலாம்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். பாவம், அந்த மனுஷனும் வீட்டுக்குப் போக வேண்டாமா.

பூட்டக்காவும் நெட்டச்சியும் காவலாளியும் வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த கிளார்க் அம்மா ஷட்டரை இழுத்துவிட்டு, குனிந்து பூட்டைப் போட்டாள். நாள் முழுக்க வேலை பார்த்ததில் அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சாவியைக் குடுத்துட்டுப் போங்க மேடம்," என்றார் காவலாளி. "காலையில நானே திறந்து வெச்சிடுறேன். நீங்க மெதுவா வரலாம்."

"வேண்டாண்ணே. பூட்டு என் பொறுப்பில இருக்கு. சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். சாவியோடு திரும்பியவள், இரண்டு படி கீழே நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பூட்டக்காவைப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கா?" என்று கேட்டாள் பூட்டக்கா.

"விழுந்திருக்கும்மா."

"அப்படித்தான் இருக்கணும்."

சொல்லிவிட்டு பூட்டக்கா நெட்டச்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். மடித்த சீட்டு அவள் கையில் இருந்தது. மேலே கிளார்க் அம்மா சாவியைப் பையில் போடாமல், உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.