காட்டைக் கூட்டிப் பெருக்கியவர்

வாழவந்தியில் செல்லப்பனுக்கு இரண்டு ஏக்கர் காப்பி. வீட்டுக்குப் பின்னால், மேட்டில், பாறையும் புதரும் பலா மரமுமாக இன்னொரு அரை ஏக்கர் காடு. அதில் அரிவாள் பட்டதே இல்லை. ஏன் என்று கேட்டால், "சும்மா கெடக்கட்டுமே" என்பார்.

உண்மைக் காரணத்தை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். களையெடுத்து அலுத்துப்போகும் மத்தியானங்களில் அவர் அங்கே போய்ப் பாறையில் உட்காருவார். அணில் அளவில் ஒரு பிராணி வரும். முதுகில் கோடு கிடையாது. மூஞ்சி மட்டும் நீண்டு கூராக இருக்கும். சருகைக் கிளறிப் பூச்சியைப் பிடித்து, இரண்டு முன்காலாலும் ஏந்தித் தின்னும். வயிறு நிறைந்ததும் பலா மரத்தில் தாவி, நெஞ்சைப் பட்டையில் தேய்த்துக்கொண்டே சறுக்கி இறங்கி, உடம்பை நக்கிக்கொள்ளும். கல்யாண வீட்டில் சந்தனம் பூசிக்கொள்கிற பெரிய மனுஷனின் தோரணை அதற்கு. செல்லப்பன் விழுந்து விழுந்து சிரிப்பார். ஐம்பத்திரண்டு வயதில் தனியாக உட்கார்ந்து சிரிக்க ஒரு இடம் வேண்டாமா?

மனைவி ஆராயிக்கு அந்த அரை ஏக்கர் கண்ணை உறுத்தியது. அவள் தம்பி ஐயாக்கண்ணுவுக்கு அக்காவை விடவும் உறுத்தியது. "ஏனுங்க மச்சான், பாம்புக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டீங்களா?" என்பான். கடைசியில் அக்காளும் தம்பியும் சேர்ந்து, புதரை அடித்துக் காப்பி வைக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளை வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் சேலத்துக் கல்லூரியிலிருந்து கீர்த்தனா ஊருக்குள் விசாரித்துக்கொண்டு வந்தாள். அவள் படிப்பே அந்தப் பிராணியைப் பற்றித்தான். மூங்கிலணத்தான் என்று பேர் சொல்லி, செல்லப்பனிடம் படத்தைக் காட்டினாள். செல்லப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளிக்கு இவ்வளவு பெரிய பேர் இருப்பது அவருக்கே தெரியாது.

"நம்ம காட்டுல இருக்குது கண்ணு. வியாழக்கெழம வா, காட்டறேன்" என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆராயி பக்கம் திரும்பி, "சனிக்கெழமைக்குள்ள இந்தப் புள்ள கண்ணுல அது படலீன்னா, நானே காட்டுல மொத வெட்டு வெட்டறேன். பட்டுச்சுன்னா, அப்பறம் காட்டப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது" என்றார்.

"சரிங்க. சொன்ன சொல்லு மாறப்படாது" என்றாள் ஆராயி.

வீட்டுக்கு ஆள் வந்தால் வாசல் கூட்டுகிறோம். காட்டுக்கு ஆள் வரும்போது மட்டும் குப்பையாகவா வைத்திருப்பது? புதன்கிழமை விடிந்ததும் செல்லப்பன் சீமாற்றை எடுத்தார். சருகு, மக்கிய சுள்ளி, உளுத்த கட்டை எல்லாவற்றையும் கூட்டி, முப்பது கூடை அள்ளி, வீட்டுக்குப் பின்னால் எருக்குழியில் கொட்டினார். பொழுது சாயும்போது காடு கல்யாண மண்டபமாட்டம் இருந்தது. கோலம் போடாததுதான் பாக்கி.

வியாழக்கிழமை வந்த கீர்த்தனா தரையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டாள். இருவரும் பாறையில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கினால் ஆராயியின் புலம்பல் வேறு. "நீங்க கொட்டுன சருகயெல்லாம் அணிலுங்க கெளறிக் கெளறி எறச்சுப்போடுதுங்க. நான் எத்தன தடவதான் கூட்டறது?"

"அணிலுதான, கெடக்குது போ" என்று சொல்லிவிட்டு, செல்லப்பன் அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்.

சனிக்கிழமை நாலு மணி. கீர்த்தனா பையைக் கட்டிவிட்டாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். செல்லப்பனுக்குக் காப்பி இறங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கூர்மூஞ்சியை இனி எங்கே போய்ப் பார்ப்பது?  அந்த நேரம் பார்த்து ஐயாக்கண்ணு போன் பண்ணி, "காத்தால ஆறு மணிக்கு ஆளோட வந்தர்றேனுங்க மச்சான்" என்றான்.

பின்னாலிருந்து ஆராயியின் சத்தம் கேட்டது. "ச்சூ! ச்சூ! முதுவுல ஒரு கோடு இல்ல, மூஞ்சி எலியாட்டம் நீட்டிக்கிட்டு, உனக்கெல்லாம் அணில்னு பேரா?"

கீர்த்தனா தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். செல்லப்பன் அவளுக்கு முன்னால் ஓடினார்.

எருக்குழிச் சருகில் ஒன்றல்ல, மூன்று நின்றன! ஒன்று சருகை வாரி வாரி இறைத்தது. ஒன்று பூச்சியை ஏந்தித் தின்றது. மூன்றாவது, பக்கத்து முருங்கையில் ஏறி, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு சறுக்கிச் சந்தனம் பூசிக்கொண்டது.

கீர்த்தனா படம் எடுத்து முடித்தபிறகு மெல்லச் சொன்னாள். "அண்ணா, அது பூச்சி தேடறதே சருகுலதான். நீங்க அதோட அடுப்பங்கரையையே அள்ளிக்கொண்டாந்து இங்க கொட்டிட்டீங்க. வந்த அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன். அவ்வளவு ஆசையாக் கூட்டியிருந்தீங்க, வாய் வரலைங்க."

ஆராயி சீமாற்றைக் கீழே போட்டாள். "அடக் கடவுளே, நானேதான் காட்டிக்குடுத்தனா!"

செல்லப்பன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஐயாக்கண்ணு ஆளோடு வந்தபோது, மச்சானும் அக்காளும் தலையில் கூடையோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க மச்சான் பண்றீங்க?"

"காட்ட அழுக்குப் பண்றேன் மாப்ள."

ஆராயி கூடையைக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏனுங்க, அந்தப் பலாவடில இன்னும் கொஞ்சம் எறைங்க. மொட்டையாத் தெரியுது." பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "சொன்னது சொன்னதுதான். காட்டப் பத்திப் பேச்செடுக்காத. வந்ததுக்கு நீயும் ரெண்டு கூடை தூக்கு."

ஐயாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினான். புதர் வெட்ட வந்த ஆள் அரிவாளைப் பாறைமேல் வைத்துவிட்டு, காலிக் கூடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.