வாங்கிய பிள்ளை

சைராகான் இறந்த அன்று, அந்த மலையூருக்கு வரும் ஒரே வழியான கணவாயைப் பனி மூடிவிட்டது. அவளுடைய ஒரே மகன் எர்கின் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வர வழியில்லை. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அவளைக் கிடத்தினார்கள். உள்ளே மகள்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெளியே கோலூன்றி நின்று, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய மகனின் இடம் காலியாகக் கிடந்தது.

குதிரை மேய்க்கும் சாத்திபால்டி கோலோடு வந்து அங்கே நின்றான். ஐம்பதைக் கடந்தவன், கல்யாணம் ஆகாதவன், தாய் தகப்பன் போய் வெகுகாலம்.

சைராகானின் கொழுந்தன் ஜூமாபாய் முறைத்தார். "டேய், இது மகன் நிக்கிற எடம். நீ என்ன சொந்தம்?"

"என் பேருக்கு அர்த்தம் என்னங்க?"

"வாங்கின பிள்ளை. அதுக்கென்ன இப்போ?"

"வாங்கினது இந்த வீட்லதானே?"

ஊரறிந்த கதைதான். அவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளெல்லாம் தொட்டிலிலேயே போயின. இவனையும் சாவு தேடி வந்துவிடும் என்று பயந்த தாய், வேறு வீட்டுப் பிள்ளை என்று அதை ஏமாற்ற, வாசல் வழியாக இல்லாமல் கூடாரத்தின் அடிக் கம்பளியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சைராகானிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள். சில வாரம் கழித்து ஓர் ஆட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினாள். அதுவரை பால் கொடுத்தவள் சைராகான். பள்ளியில் பையன்கள், "ரெண்டு ஆடு தரோம், எங்க வீட்டுக்கு வரியாடா?" என்பார்கள். எந்த வீட்டுக்கு ஓடி அழுவதென்று தெரியாமல் அவன் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்பான்.

கூடாரத்துக்குள்ளிருந்து மூத்த மகளின் குரல் வந்தது. "விடுங்க சித்தப்பா. எனக்குன்னு இருந்த பாலைப் பிடுங்கிக் குடிச்சவன். அவனே நிக்கட்டும்."

ஜூமாபாய் ஒதுங்கிக்கொண்டார்.

"ஐயோ, என் அம்மா!" என்று சாத்திபால்டி குரலெடுத்தான். உயிரோடு இருந்தவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவனை இறுகக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இதற்கு முன் இத்தனை பேர் தன்னைத் தொட்டதாக அவனுக்கு நினைவில்லை.

அடக்கம் முடிந்தபின் எர்கின் போனில் வந்தான். "வாசல்ல யாரு நின்னது?"

"நான்தான் தம்பி."

எர்கின் சொன்னான்: "ஆட்டை வேணாம்னு சொல்லியிருக்கணும், பிள்ளையை நானே வச்சிருந்திருக்கணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும்ணே."

"என்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே" என்றான் சாத்திபால்டி. இணைப்பு அறுந்திருந்தது.

போனைச் சைராகானின் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு, பனியில் தன் வீட்டுக்கு நடந்தான். அடுப்பு அணைந்து கிடந்தது.