அடிவரிசைச் சாக்குகள்

கொச்சங்காடியில் சங்கரலிங்கம் முதலாளியின் கிடங்கில் பதினோரு வருஷம் மிளகு புடைத்தவள் மாயம்மாள். 1971-இல் ஒரு நாள் ஏலக்காய்ப் பொதி ஒன்றைக் காணவில்லை. முதலாளி அவள் மடியைச் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. "கள்ளி!" என்று வாசலில் வைத்துக் கத்தி வெளியே தள்ளினார். மத்தியானச் சோறு கொண்டுபோயிருந்த மகள் பாக்கியலக்ஷ்மி அதை நின்று பார்த்தாள். பொதி மறுநாளே வேறோர் அறையில் கிடைத்தது. ஆனாலும் அவளைத் திரும்பக் கூப்பிட முதலாளி ஆளனுப்பவில்லை. மட்டாஞ்சேரியில் வேறெந்தக் கிடங்கும் மாயம்மாளைச் சேர்க்கவுமில்லை.

பதினாலு வயதில் வயிற்றில் விழுந்த அந்த நெருப்போடுதான் பாக்கியலக்ஷ்மி வேதியியல் படித்தாள். திருப்பூணித்துறையில் டீச்சர் வேலை தேடி வந்தபோது வேண்டாம் என்றாள். வெலிங்டன் தீவில் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு எழுதிப் போட்டாள்.

"டீச்சர் வேலைக்கு என்னடி குறைச்சல்?" என்றாள் மாயம்மாள்.

"அங்க அந்த ஆளோட மிளகு வராதேம்மா."

வேலை கிடைத்தது. ஆனால் மூன்று வருஷம் முதலாளியின் சரக்கு ஆய்வகத்தில் வேறொருவர் மேசைக்கே போனது. அந்தச் சோதனையாளர் ஓய்வு பெற்றதும் இவள் மேசைக்கு வந்தது. மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நீரில் போட்டாள், லென்ஸ் வைத்துப் பார்த்தாள். முத்து முத்தான மிளகு. ஒரு குறையில்லை.

கலப்பட மிளகோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பப்பாளி விதை நிறைத்த சீசா ஒன்று அலமாரியில் இருந்தது. நாலு விதை போட்டால் போதும், கலப்படம் என்று எழுதிவிடலாம். மூடியைத் திறந்தும்விட்டாள். அவன் பார்க்காமல் பழி சொன்னான். நான் பார்த்த பிறகும் பொய் எழுதினால் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு சீசாவை மூடினாள்.

"இந்த மாதிரியை எடுத்தது யார்?" என்று கிளார்க்கைக் கேட்டாள்.

"முதலாளியே கொடுத்தனுப்பினது."

மறுநாள் காலை கிடங்கைச் சோதிக்கும் உத்தரவுக் கடிதத்தோடு படகேறி நேரே கிடங்குக்குப் போனாள். முதலாளிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"வரணும் மேடம், ஒரு சாயா குடிக்கலாம்."

"சாயா வேண்டாம். அடிவரிசைச் சாக்கை எடுக்கச் சொல்லுங்க."

கூலியாட்கள் மேல்வரிசையை இறக்கினார்கள். மூன்றாவது சாக்கில் கை விட்டாள். உள்ளங்கை நிறையப் பப்பாளி விதை.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "மோளே, இப்படிக் கண்ணுள்ள ஆள்தான் எனக்கு வேணும். இங்க வந்துரு. இதைவிடப் பெரிய வேலை தாரேன்."

பதினோரு வருஷமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தையை அவள் சொன்னாள். "எங்கம்மா மாயம்மாள். இந்த வாசல்லதான் நீங்க கள்ளின்னு தள்ளினீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ஏது மாயம்மாள்? எத்தனையோ பேர் வந்து போனாங்களே."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். அதுதான் அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஒரு சாக்கு விடாமல் முத்திரை வைக்கச் சொன்னாள்.

கப்பல் அவர் சரக்கில்லாமல் போயிற்று. உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். கொச்சங்காடி முழுக்கச் சிரித்தது. மாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மறந்துட்டானா?" என்றாள். பிறகு, "நல்லா வேணும் அவனுக்கு!" என்றாள்.

அந்த வருஷம் கழிந்து சங்கரலிங்கம் சான்றிதழ் வாங்க ஆய்வகத்துக்குத் தாமே வந்தார். இந்தத் தடவை மாதிரியை ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பாக்கியலக்ஷ்மியே எடுத்திருந்தாள். இரண்டு முறை சோதித்தாள். எதுவும் அகப்படவில்லை. 'சுத்தம்' என்று எழுதக் கசந்தது. எழுதினாள்.

எழுதி முடிக்கும்வரை அவரை உட்காரச் சொல்லவில்லை.